பொட்டலத்து வானிலை

கொல்லம் ஆண்டு 1124 மகர மாதம் மூன்றாம் தேதி, அதாவது 1949 ஜனவரியில், காலை பத்தரை மணிக்கு, திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை அக்கிரகாரத்தில் சீதாலக்ஷ்மி அம்மாள் கால் ராத்தல் கொத்தமல்லிப் பொட்டலத்தைப் பிரித்தபோது அதற்குள்ளிருந்து இடி இடித்தது. பெரிய இடி அல்ல, பொட்டலத்தின் அளவுக்கு இடி. முதலில் ஒரு கைப்பிடி கறுத்த மேகம் எழுந்து உறி வரைக்கும் போய் நின்றது. பிறகு ஒரு மின்னல் இறங்கி நெல்லிக்காய் ஊறுகாய் ஜாடியின் மூடியை இரண்டாக்கியது. அதற்குப் பிறகுதான் சத்தம். பத்து நிமிடத்தில் மேகம் ஜன்னல் வழியாக வெளியே போய்விட்டது. கொத்தமல்லி நனையவில்லை, அன்று கம்போளக் கடைத்தெருவில் அதன் விலையும் முந்தின நாள் விலைதான். சீதாலக்ஷ்மி அம்மாள் சமையலை முடித்து, எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, உடைந்த மூடியையும் பொட்டலத் தாளையும் எடுத்துக்கொண்டு ஆரியசாலையில் நயினார் பிள்ளையின் பலசரக்குக் கடைக்கு நடந்து வந்தாள்.

"ஓய் நயினார் பிள்ளை, கொத்தமல்லியிலே கல்லு இருந்தா பொறுக்கிடுவேன். மண்ணு இருந்தா புடைச்சுடுவேன். இடியை என்ன பண்ணச் சொல்றீர்?"

"நம்ம சரக்குல இடி கெடையாது மாமி. நல்ல முழு மல்லியாக்கும். வேற தாறேன்" என்று நயினார் பிள்ளை மாற்றிக் கொடுத்தார். ஜாடி மூடியைப் பற்றி இருவரும் அரை மணி நேரம் வாதாடினார்கள். இடியைப் பற்றி அதற்குமேல் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் ஆரியசாலைக்காரர்களின் குணம் அது. வானமே இடிந்து விழுந்தாலும் ராத்தல் என்ன விலை என்றுதான் கேட்போம்.

கோளாறு மல்லியில் இல்லை, தாளில் இருந்தது. அந்தக் காலத்தில் சாலைக் கம்போளத்துக் கடைகளுக்குப் பொட்டலம் மடிக்க வெளிநாட்டுப் பழைய பத்திரிகைகள் கட்டுக் கட்டாகக் கப்பலில் வரும். கெட்டித் தாள், மலிவு, சீக்கிரம் கிழியாது. நயினார் பிள்ளை கடைக்கு வந்து சேர்ந்த கட்டுகளில், யார் செய்த புண்ணியமோ, அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருந்த ஒரு சின்ன ஊரின் வாரப் பத்திரிகை தவறாமல் இருந்தது. ஏறக்குறைய ஐந்து மாதப் பழசு. கடையில் பொட்டலம் மடிக்கிற வேலை தாணுமாலயன் பிள்ளையுடையது. வயது நாற்பத்திரண்டு, சொந்த ஊர் நாஞ்சில் நாட்டுப் பூதப்பாண்டி, இண்டர்மீடியட்டில் இரண்டு தடவை தோற்றவர். இரண்டு தடவையும் ஆங்கிலத்தில் மட்டும் தேறியவர் என்பதால், மடிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தாளையும் வாசித்துவிடுவார். அயர்லாந்தில் பன்றிக்குட்டி என்ன விலை, எந்தப் பாதிரியாருக்கு இடமாற்றம், யார் மாடு யார் வேலியை உடைத்தது என்பதெல்லாம் தெரிந்த ஒரே மனிதர் திருவனந்தபுரத்தில் அவர்தான். யாரும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம். ஆனால் அவர் உயிரைக் கொடுத்து வாசித்தது ஏழாம் பக்கத்து மூலையில் வந்த வானிலைக் குறிப்பை.

வானிலைப் பைத்தியம் அவருக்கு முன்பே பிடித்திருந்தது. வீட்டுப் புறக்கடையில் ஒரு பழைய தைலக் குப்பியின்மேல் புனலைச் செருகி மழை அளந்தார். நீள நோட்டு ஒன்றில் தேதி, சூடு, மழை, குறிப்பு, பார்த்தவர் என்று ஐந்து கட்டம் போட்டுத் தினமும் எழுதினார். பைத்தியத்துக்கு ஏற்ற வானிலை எங்கள் ஊரில் இல்லை. வைகாசி பாதியில், எங்கள் கணக்கில் இடவப்பாதியில், மழை வரும் என்று எல்லோருக்கும் தெரியும், வரும். துலா மாதத்தில் சாயங்காலம் நாலு மணிக்கு இடி இடிக்கும் என்று மாட்டுக்குக்கூடத் தெரியும், இடிக்கும். மற்ற நாளெல்லாம் வெயிலும் வியர்வையும். ஒன்பது வருடமாகக் குறிப்பு என்ற கட்டத்தில் 'விசேஷம் ஒன்றுமில்லை' என்று எழுதிக்கொண்டிருந்த ஒரு மனிதன், 1947 ஜூலையில் கட்டைப் பிரித்து, அந்த வருடம் பிப்ரவரியில் அயர்லாந்து பனியில் புதைந்துபோன சேதியை வாசித்தால் என்ன ஆவான்? வேலி மறைந்தது, ஆடு மறைந்தது, சில வீடுகளில் கூரை வழியாக இறங்க வேண்டியதாயிற்று என்று எழுதியிருந்தது. தாணுமாலயன் அன்று சீரகம் கேட்டவர்களுக்கெல்லாம் சோம்பு கட்டிக் கொடுத்தார். அடுத்த மாதம் நாடு சுதந்திரம் பெற்றபோது ஊரே அரசியல் பேச, இவர் மட்டும் பனி விழுந்தால் சத்தம் கேட்குமா என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

ஏழாம் பக்கக் குறிப்பை எழுதியவர் பெயர் திமோத்தி கீனன். ஆணியும் தாழ்ப்பாளும் விற்கிற இரும்புக்கடைக்காரர், இவரைப் போலவே யாரும் கேட்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அந்தப் பெரும்பனிக்கு முந்தின வாரம் 'இதமான வாரம், துணி உலர்த்தலாம்' என்று எழுதிய மகானுபாவர் அவரேதான். அந்த மானக்கேடு தீரவேண்டும் என்று அடுத்த வருடத்திலிருந்து எல்லாக் குளிர்காலமும் பனி வருகிறது, இதோ வருகிறது, வியாழக்கிழமை நிச்சயம் என்று குதித்துக் குதித்து எழுதினார். வரவில்லை. வந்தாலும் மலைக்கு அந்தப்பக்கத்து ஊரில் விழுந்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. கோடையில் இடி வரும் என்றார். அங்கே இடி என்பது எப்போதோ வருகிற விருந்தாளி, இவர் அழைத்தார் என்பதற்காகவே வராமலிருந்தது. அடுத்த வாரக் குறிப்பில் தன்னைத்தானே திட்டிக்கொள்வார்: 'நாள் முழுக்க ஜன்னலைத் திறந்துவைத்து நின்றேன். உள்ளே வந்தது சளி மட்டும்.' தாணுமாலயனுக்கு அவர்மேல் வந்த பாசம் கூடப்பிறந்தவனிடம்கூட வராது. கீனன் சொன்ன ஒரு விதியை அவர் வேதமாகவே எடுத்துக்கொண்டார். வானிலை எழுதுகிறவன் தன் கண்ணால் கண்டதை மட்டும் எழுதவேண்டும், பிறர் சொன்னதை எழுதினால் அது வெறும் ஊர்வம்பு.

சீதாலக்ஷ்மி அம்மாள் விட்டுப்போன தாளைத் தாணுமாலயன் நீவி வாசித்தார். ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி இடி நிச்சயம் என்று கீனன் எழுதியிருந்தார். அடுத்த வாரத் தாளைக் கட்டிலிருந்து தேடி உருவினார். 'வரவில்லை, மன்னிக்கவும்' என்று இருந்தது. அந்த வருடமே இடவ மாதம், அதாவது ஜூன் தொடக்கத்தில், நேசமணி டீச்சர் வீட்டில் மிளகுப் பொட்டலத்திலிருந்து இரண்டு படி பனி கொட்டியது. அந்தத் தாளையும் வாங்கிப் பார்த்தார். ஜனவரி ஒன்பதாம் தேதி கீனன் பனி வரும் என்றிருந்தார், அதுவும் வந்திருக்கவில்லை. விஷயம் பட்டப்பகலாகிவிட்டது. அயர்லாந்தில் விழுந்த வானிலை அங்கேயே தீர்ந்துவிடும். கீனன் வரும் என்று சொல்லி வராமல் போனதுதான் தாளில் தங்கி, கப்பலேறி, ஐந்து மாதம் கழித்து எங்கள் அடுக்களைகளில் விழுந்துகொண்டிருந்தது.

ஊர் இதைச் சீக்கிரம் பழக்கப்படுத்திக்கொண்டது. பனி விழுந்த வீடுகளில் அன்று மோர் புளிக்கவில்லை. ஒரு வக்கீல் அதைத் துணியில் கட்டி நெற்றியில் வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். சுகாதாரத்துக்குப் பொறுப்பு என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்து பனி விற்க லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டார். நயினார் பிள்ளை மிளகு விற்கிற லைசென்ஸைக் காட்டினார், வந்தவர் திருப்தியாகப் போனார். ஆனால் பனி வேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்கியவர்களுக்கு அது கிடைக்கவில்லை. அக்கிரகாரத்தில் ஸ்ரீகண்டன் தன் மகள் கல்யாணத்தில் பானகத்துக்கென்று பன்னிரண்டு பொட்டலம் வாங்கிப் பிரித்தார், பன்னிரண்டிலும் சீரகம்தான் இருந்தது. ரசத்துக்கு மிளகு வேண்டும் என்று பிரித்தவளுக்குப் பனி, பனி வேண்டும் என்று பிரித்தவனுக்கு மிளகு. இந்த வரலாற்றை எழுதுகிறவன் அறிவாளி, இது தெரிந்தும் நாற்பது பொட்டலம் வாங்கினான். இரண்டு வருடம் அவன் வீட்டில் மிளகுக்குப் பஞ்சம் இருக்கவில்லை.

இப்படியிருக்கத் தாணுமாலயனின் கதி என்னவாகியிருக்கும் என்று சொல்லவே வேண்டாம். உலகத்தில் அவரைவிடப் பனிக்கு ஆசைப்பட்டவர் ஒருவர் உண்டென்றால் அது கீனன்தான். வீட்டுக்கு வாங்குகிற எந்தப் பொட்டலத்தையும் மனைவி முத்தாரம்மாள் கையில் கொடுக்கமாட்டார். அடுக்களையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, நோட்டையும் அடிக்கோலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நூலைத் தானே அவிழ்ப்பார். கடுகு இருக்கும். வெந்தயம் இருக்கும். ஒரே ஒரு தடவை, 1951-ல், மிளகாய்வற்றலிலிருந்து லேசாக ஒரு தூறல் போட்டது. அதுவும் அவர் தும்மியதோ என்று முத்தாரம்மாளுக்கு இன்றுவரை சந்தேகம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பார்த்தார். வேறு நினைவு வரட்டும் என்று வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே பிரித்தார். கடைசியில் கிழக்கேகோட்டைக்குப் போய்ச் சீதாலக்ஷ்மி அம்மாளின் அடுக்களை ஜன்னலுக்கு வெளியே வாழைமரத்தோடு மரமாக நின்றார். அவள் எட்டிப் பார்த்தாள்.

"நீர் நிக்கற வரைக்கும் அது வராது, ஓய். நேத்திக்கு நீர் இல்லை, கொட்டித்து. போம், நேக்குப் பருப்பு வேகணும்."

ஆறு வருடம் இப்படியே போயிற்று. சாலையிலும் கோட்டையிலுமாகப் பாதி ஊர் பனி பார்த்துவிட்டது. பனி எப்படி இருக்கும் என்று வாடிக்கையாளர்கள் அவருக்கே விளக்கம் சொன்னார்கள். அவருடைய நோட்டில் ஒரு வரி கிடையாது, ஏனென்றால் அவர் கண்ணால் பார்க்கவில்லை. ஒரு வாரத்துப் பக்கத்தில் கடைசிக் கட்டத்தில் அவரே எழுதிவைத்திருக்கிறார்: 'பார்த்தவர்: நான். பார்த்தது: கடுகு.'

1130 இடவத்தில், அதாவது 1955 மே மாதம், ஒரு தாளை மடிக்கப் போனவர் கையை நிறுத்திவிட்டார். கீனன் எழுதியிருந்தார்: 'ஏழு குளிர்காலம், இருபத்தாறு முன்னறிவிப்பு, இருபத்தாறும் பொய். என் கடைக்கு வருகிறவர்கள் ஆணி வாங்கிவிட்டு, வெளியே குடை வேண்டுமா என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், நானாக இருந்தாலும் சிரிப்பேன். ஆசிரியர் நல்லவர், வருடக் கடைசி வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் ஒரு முன்னறிவிப்பாவது பலித்ததாகச் சாட்சி இல்லாவிட்டால் இந்த இடத்தில் கோழி வளர்ப்புக் குறிப்பு வரும்.' தாணுமாலயன் அதை இன்னொரு தடவை வாசித்தார். சாட்சி இங்கே ஊர் முழுக்க இருந்தது. உங்கள் பனி பொய்யாகவில்லை, எங்கள் ஊரில் விழுகிறது என்று ஒரு கடிதம் எழுதினால் போதும். ஆனால் எழுதவேண்டிய அவர் அதைப் பார்த்ததில்லை. கீனனைக் காப்பாற்றக் கீனனின் விதியையே மீறுவதா? தன் கண்ணால் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதுவது என்று முடிவு செய்தார். அடுத்த இரண்டு வாரத்தில் அவர் பிரித்த பொட்டலங்களைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். நயினார் பிள்ளை, "என்ன வே, நமக்குக் கடை போதாதுன்னு ஒம்ம வீட்டுலயும் கடை தொறக்கப் போறீரா?" என்று கேட்டார்.

மழைக்குப்பியைப் பார்க்க இடவப்பாதி மழையில் நனைந்து நனைந்து அவருக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் நினைவில்லாமல் படுத்துக்கிடந்தார். இரண்டாம் நாள் முத்தாரம்மாள் கஷாயத்துக்கு மிளகு வேண்டும் என்று தானே கடைக்குப் போய் இரண்டு பலம் மிளகு வாங்கிவந்து, ஆறு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக ஒரு பொட்டலத்தைத் தானே பிரித்தாள். காய்ச்சல் இறங்கி, தாணுமாலயன் எழுந்து, கஞ்சி குடித்து, நடந்து அடுக்களை வாசலில் வந்து நின்றபோது, சுவரில் இடுப்பளவுக்கு ஈரம் ஏறியிருந்தது. மூலையில் அரிவாள்மணை துருப்பிடித்திருந்தது. அவர் சுவரைத் தொட்டுப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"வந்துதா?"

"வந்துது. முந்தாநாள் காலம்பற."

அவருக்குக் கோபம் வந்தது. பிறகு கோபத்துக்குச் சக்தி போதாமல் அப்படியே படியில் உட்கார்ந்து குழந்தைபோல் அழுதார். ஏன் தன்னை எழுப்பவில்லை என்று கேட்டார். அடுத்த அறையில்தானே கிடந்தேன், தூக்கிக்கொண்டு வந்தாவது போட்டிருக்கக் கூடாதா என்றார்.

முத்தாரம்மாள் கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள். "நூத்தி மூணு காய்ச்சல்ல அந்தத் தணுப்புக்குள்ள எப்பிடி விளிக்க? பின்னே, விளிச்சா நீங்க வருவீங்க. நீங்க வந்தா அது போயிரும். அது போனா ஒங்களுக்கு எழுத என்ன இருக்கும்?"

அவர் அழுகையை நிறுத்தினார். இந்தப் பெண்ணுக்கு வானிலையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அவர் கல்யாணமாகி இருபத்திரண்டு வருடமாக நினைத்திருந்தார். அவளிடம் எதையும் கேட்டதுமில்லை. மெதுவாக, எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

"ஒம்பதே கால். சங்கு ஊதி கொஞ்சம் நேரம். அம்மிக்க மேல ரெண்டு வெரக்கடை நின்னுது. அடுப்புக்க மேல நிக்கல்ல, ஆனா அடுப்பும் அணையல்ல. மூணு தடவ வெரல வச்சுப் பாத்தேன், ரெண்டுதான். பத்து மணிக்குக் கரையத் தொடங்கிச்சு."

"சத்தம் கேட்டுதா?"

"அதுதான் இல்ல. மழைன்னா சத்தம் உண்டும்லா. இது, ஊரே பேச்ச நிறுத்தின மாதிரி இருந்துது. நான் கையில கரண்டியோட அப்பிடியே நின்னுட்டேன்." கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னாள்: "நல்லா இருந்துது."

தாணுமாலயன் அவளை மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார், சாயங்காலம் வரை கேட்டார். தான் பார்த்திருந்தால் இவ்வளவு பார்த்திருக்கமாட்டோம் என்று அவருக்குத் தோன்றியது. குதித்துக் கூத்தாடி, அடிக்கோலைத் தேடி, பாதிப் பனியை மிதித்தே கெடுத்திருப்பார். அதை நினைத்து அவரே சிரித்துவிட்டார். பிறகு நோட்டை எடுத்து, தேதி, சூடு, ஆழம் எல்லாம் எழுதி, பார்த்தவர் என்ற கட்டத்தில் 'முத்தாரம்மாள்' என்று எழுதினார். ஒன்பதும் எட்டும் பதினேழு வருடத்தில் அந்தக் கட்டத்தில் வந்த இரண்டாவது பெயர் அது. எழுதியதை ஆங்கிலத்தில் பிரதியெடுத்து, மிளகுத் தாளில் கீனன் பனிக்குச் சொல்லியிருந்த தேதியையும் குறித்து, விமானத் தபாலில் கீனனுக்கு அனுப்பினார். உங்கள் விதி மீறப்படவில்லை, பார்த்தவளின் பெயரிலேயே எழுதியிருக்கிறேன், இந்த வேலையில் என் பங்கு படுத்துக்கிடந்தது மட்டும்தான் என்று அடியில் ஒரு வரி சேர்த்தார்.

பதில் தபாலில் வரவில்லை, பத்திரிகைக் கட்டுக்குள் வந்தது. 1131 மீன மாதம், அதாவது 1956 மார்ச்சில், பிரித்த கட்டில் ஏழாம் பக்கத்தில் கீனன் எழுதியிருந்தார்: 'ஜனவரி பன்னிரண்டாம் தேதிக்குச் சொன்ன பனி விழுந்தது. இடம்: திருவனந்தபுரம், ஆரியசாலை, ஓர் அடுக்களை. ஆழம்: இரண்டு விரல். பார்த்தவர்: திருமதி முத்தாரம்மாள்.' இதை முன்னறிவிப்புப் பலித்ததாக ஏற்கலாமா என்று அந்த ஊர் மதுக்கடையில் இரண்டு நாள் விவாதம் நடந்ததாம். எந்த ஊரில் விழும் என்று கீனன் எழுதியிருக்கவில்லை என்பதை ஒரு தையற்காரர் எடுத்துக்காட்டியபிறகு, ஒரு வாக்கு வித்தியாசத்தில் ஏற்றுக்கொண்டார்களாம். கோழி வளர்ப்புக் குறிப்பு எட்டாம் பக்கத்துக்குப் போயிற்று. தாணுமாலயன் அந்தத் தாளைக் கத்தரித்து வைத்துக்கொள்ளவில்லை. கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டி, வாசிக்க ஆளில்லாமல் போனதும், அதில் கால் ராத்தல் கடுகு கட்டி விற்றுவிட்டார்.

அந்த வருடம் இடவ மாதம் பத்தாம் தேதி அவர் மிளகுப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தார். அடுக்களையில் வைத்தார். நூலைத் தொடவில்லை. முன்னறைக்கு வந்து, அடுக்களைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நோட்டை மடியில் விரித்துக்கொண்டார். உள்ளே முத்தாரம்மாள் புளி கரைத்தாள், பருப்பைக் கடைந்தாள், மிளகுக்குக் கை நீட்டினாள்.

"பத்து நாப்பது" என்று குரல் வந்தது. "தொடங்கியாச்சு."

தாணுமாலயன் எழுதினார்.

"தேங்காத் துருவல் பருமன். நேர கீழ வருது, காத்தில்ல."

எழுதினார். குளிர் நிலைப்படியைத் தாண்டி வந்து முதுகில் பட்டது. திரும்பிப் பார்க்கவேண்டும் என்ற ஆசை அவர் கழுத்தைப் பிடித்துத் திருகியது. இரண்டு கையாலும் நோட்டைப் பிடித்துக்கொண்டு அவர் எதிர்ச் சுவரையே பார்த்திருந்தார்.

"ஒரு வெரக்கடை ஆச்சு. இன்னும் விழுது. மெளகு நனையல்ல." பிறகு கேட்டாள்: "எழுதினீங்களா?"

எழுதிவிட்டதாகச் சொன்னார்.